சாப்பாட்டுக்கு அடுத்த அட்டை

ஆஸ்பத்திரி வராந்தா,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

நாற்காலி கோணலாகக் கிடந்தால் பொறுக்காமல் நேராக்கிவிட்டு மேனேஜர் என்று பேர் வாங்கிய உங்கள் மாணவனின் அப்பா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கடிதம் என்றால் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கவேண்டும் என்று எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. இப்போது அதில் ஒரு பாதியைத்தான் உண்மையாக எழுத முடியும் என்பதால் அந்தப் பாதியை எழுதுகிறேன். உங்கள் நலமறிய ஆவல். உங்கள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? தலையைக் குனியவிடாதீர்கள். என் மாமனார் கண்கட்டோடு செருப்பைத் தேடிக் குனிந்துவிட்டு, கொஞ்ச காலம் எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிகிறது என்றார். என்னை மட்டும் அரை ஆளாகவே பார்த்தார். அது கண்ணால் வந்த கோளாறில்லை.

உங்கள் போனுக்குப் பலதடவை அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு அம்மா சொல்கிறார். அந்த அம்மாவுக்கு இந்நேரம் என் குரல் மனப்பாடம் ஆகியிருக்கும். பள்ளிக்கூட கிளார்க்கிடம் கெஞ்சித்தான் இந்த விலாசம் வாங்கினேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் என்னையும் கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரஸ்ஸில் என் வேலை தாளை வெட்டுவது. அதில் என்ன எழுதுவது என்பது மற்றவர்கள் கவலை.

மேனேஜருக்கு இருமல் குறைந்திருக்கிறது. நெஞ்சுக்குள் போன புகை மெல்லத்தான் வெளியேறும் என்கிறார்கள். வலது உள்ளங்கைக் கட்டை மாற்றும்போது கத்துகிறான். கத்தட்டும், கத்துகிற பிள்ளைக்கு நெஞ்சில் பலம் இருக்கிறது என்று நர்ஸம்மா ஆறுதல் சொன்னார். விரல் மடங்குமா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்கிறார் டாக்டர். அதெல்லாம்கூடப் பரவாயில்லை டீச்சர். கஷ்டம் என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்த அன்றைக்கு முதல் அவன் ஒரு வாய் சாப்பிடவில்லை.

இடது கையில் சாப்பாட்டு அட்டையைப் பிடித்திருக்கிறான். நீங்கள் படம் ஒட்டி, நான் பிரஸ்ஸில் ஓரம் வெட்டிக்கொடுத்த அதே அட்டை. விடமாட்டேன் என்கிறான். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, “எதுக்குங்க அதையே புடிச்சிக்கிட்டிருக்கான்? வாங்கித் தூரப் போடுங்க, கிருமி சேரும்” என்றார். நான் உடனே வாத்தியார் ஆகிவிட்டேன். அன்று நான் உங்கள் வகுப்பை விளக்கிய அழகை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். சார், அவனுக்கு வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும், கண்ணால் பார்த்தால்தான் நிற்கும், அதனால் டீச்சர் ஒரு நாள் முழுவதையும் படங்களாக மேலிருந்து கீழே வரிசையாக ஒட்டிவைப்பார் என்றேன். மேஜைக்கு இரண்டு பக்கமும் தடுப்பு, இடது பக்கம் வேலைத் தட்டுகள், வலது பக்கம் ‘முடிஞ்சது’ பெட்டி, தட்டு காலியானால் எழுந்து அடுத்த படத்தைப் பிய்த்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போவான், அங்கே கதவில் அதே படம் போட்ட பை ஒன்று இருக்கும், அட்டையை அதில் போட்ட பிறகுதான் அங்கே வந்து சேர்ந்ததாக அவனுக்கு அர்த்தம் என்றேன். டாக்டர் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, “நீங்க எந்த ஸ்கூல்ல வேலை பாக்குறீங்க?” என்றார். பேப்பர் கட்டிங் என்றதும் வாட்சைப் பார்த்தார்.

இந்த வித்தையெல்லாம் எனக்கு எப்படிப் புரிந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முதல்நாள் அந்தத் தடுப்புகளைப் பார்த்துவிட்டு, என்ன டீச்சர், குதிரைக்குக் கண்பட்டை கட்டினமாதிரி இருக்கே என்று கேட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. அந்தச் சின்ன நாற்காலியில் என்னை உட்காரவைத்து, போல்ட்டும் நட்டுமாக ஒரு குவியலைக் கொட்டி, மாட்டுங்க சார் என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டீர்கள். நான் மாட்ட மாட்ட நீங்கள் மேலே கொட்டிக்கொண்டே இருந்தீர்கள். எப்போ முடியும், எப்போ முடியும் என்று கேட்டேன். கடைசியில் எரிச்சலாகி எழுந்துவிட்டேன். “உங்க பையனுக்கு தினமும் இப்படித்தான் சார் இருக்கு. எங்க முடியும்னு யாரும் காட்டல” என்றீர்கள். அன்றிலிருந்துதான் நான் உங்களுக்கு அட்டை வெட்டும் அடிமை ஆனேன். வீட்டிலும் வரிசை வைத்தோம். அவன் அம்மா எனக்கும் ஒன்று ஒட்டினாள். குளி, சட்டை போடு, பேசாதே. மூன்றாவதை மட்டும் நான் இன்றுவரை பெட்டிக்குள் போட்டதில்லை.

அன்று நடந்ததில் பாதிதான் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மீதியை நான் விசாரித்து வைத்திருக்கிறேன். யாரோ ஒருவர் சொல்லிக் குறைச்சலும் கூடுதலுமாக உங்களுக்கு வந்து சேர்வதைவிட நானே எழுதிவிடுகிறேன்.

சமையலறையில் பிடித்த தீ சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் பரவியதும் மணி அடித்தார்கள். உங்களுக்குப் பதிலாக அரைநாள் வந்திருந்த சின்ன டீச்சர் மற்ற மூன்று பிள்ளைகளையும் வெளியே கொண்டுபோய்விட்டார். இவன் எழவில்லை. தட்டில் இன்னும் போல்ட்டுகள் இருந்தன. அந்தப் பெண் திரும்பி வந்து இழுத்திருக்கிறார். இவன் என் உடம்புவாகு, அவரோ குடைக்கம்பி. மேஜையைக் கட்டிக்கொண்டானாம். ஆள் கூட்டிவர ஓடினார். ஆட்களோடு வந்து பார்த்தால் இடம் காலி. நாற்காலியை மேஜைக்குள் நேராகத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். கக்கூஸில் தேடினார்கள், மைதானத்தில் தேடினார்கள், கேட்டுக்கு வெளியே தேடினார்கள். எரிகிற பக்கம் எந்தப் பிள்ளை போகும் என்று அங்கே மட்டும் தேடவில்லை.

தட்டு காலியானதும் அவன் அடுத்த படத்தை எடுத்திருக்கிறான். அது சாப்பாடு.

தூக்கிவந்த தீயணைப்புக்காரர் வார்டுக்கு வந்து பார்த்தார். நல்ல மனுஷன். “ஓடவும் இல்ல, கத்தவும் இல்ல சார். அந்தப் பச்சைக் கதவுல எதையோ தடவித் தடவித் தேடிக்கிட்டு நின்னான்” என்றார். சாப்பாட்டுக் கூடத்து இரும்புக் கதவு. பை உருகிப் போயிருக்கிறது. அட்டையை எங்கே போடுவது என்று பார்த்திருக்கிறான். உள்ளங்கை அப்படித்தான் வெந்தது.

தீ ஒத்திகை நாட்களில் சிவப்பு ‘வெளியே’ அட்டையை நீங்கள் நீட்டினால் எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறவன் இவன். அன்று அது உங்கள் கழுத்தில் தொங்கும் டேக்கோடு சேர்ந்து கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது என்று விசாரணையில் நீங்களே சொன்னீர்களாம். யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னீர்களாம். அன்றே வேலை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். பெற்ற தகப்பனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அரைநாள் லீவு எடுத்தீர்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டு அட்டை இன்னும் பையில் விழவில்லை, அதனால் அவனுக்கு இன்னும் சாப்பாட்டு நேரம் வரவில்லை. இது என் அரைகுறை அறிவுக்கு எட்டியது. சரியா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். என்ன செய்யலாம் என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

அப்பாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
மேனேஜரின் அப்பா.

✽

ஆஸ்பத்திரி,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

பார்சல் வந்தது. நீங்கள் தைத்து அனுப்பிய பை அச்சு அசலாக அதேமாதிரி இருக்கிறது. பார்த்ததும் எனக்கே பசித்தது. கூட இருந்த தாளில் நீங்கள் எழுதியபடியே எல்லாம் செய்தேன். அவன் கண்மட்டத்தில் மாட்டினேன். பேசவில்லை. விரலால் மட்டும் காட்டினேன். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து நர்ஸம்மா எனக்கும் காய்ச்சலா என்று கேட்டார்.

அவனைக் கட்டிலிலிருந்து இறக்கிக் கதவுவரை நடத்தினோம். பையைப் பார்த்தான் டீச்சர். நன்றாகவே பார்த்தான். முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்த் தையலைப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்தான். இது வெள்ளைக் கதவு, மரக்கதவு. கை நீட்டவில்லை. கதவை விட்டு ஒரு அடி பின்னால் நின்றுகொண்டான். அட்டை வைத்திருந்த கையாலேயே என் சட்டையைப் பிடித்து மாடிப்படிப் பக்கம் இழுத்தான். தப்பான இடத்துக்கு என்னைக் கூட்டிவந்துவிட்டாயே என்று அர்த்தம். அவனுக்கு இடம் தெரிகிறது. இந்த மடையனுக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்திருப்பான்.

படியில் இறங்க விடவில்லை. திரும்பக் கட்டிலில் படுக்கவைக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

இப்போது மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறார்கள். அதில் பால்போல ஏதோ ஊற்றுகிறார்கள். பிடுங்குகிறான் என்று இடது கையைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருக்கிறார்கள். வலது கையில் ஏற்கெனவே கட்டு. இரண்டு கையும் இப்படி இருக்க, பக்கத்துக் கட்டில்காரரின் ஸ்டூல் கோணலாகக் கிடந்ததைப் பார்த்துக் காலை நீட்டி நேராக்கப் பார்த்தான். கட்டிப்போட்டாலும் மேனேஜர் மேனேஜர்தான் என்று சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். அவன் அம்மா சிரிக்கவில்லை.

அவளைப் பற்றி உங்களிடம் மறைக்கமாட்டேன். பார்சலைப் பார்த்ததும் அவளுக்கு வந்ததே கோபம். “அட்டையால தாங்க என் புள்ள நெருப்புக்குள்ள நடந்தான். இன்னும் அட்டையா? இன்னும் அந்த டீச்சரா?” என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். அட்டை இல்லாத காலத்தில் அவன் சுவரில் மண்டையை மோதிக்கொண்டதை நான் ஞாபகப்படுத்தினேன். “மோதிக்கிட்டாலும் வெந்து போகலையே” என்றாள். நேற்று அவன் கண்ணயர்ந்தபோது கட்டியிருந்த கையிலிருந்து அட்டையை மெல்ல உருவப் பார்த்தாள். விழித்துக்கொண்டான். அவன் போட்ட சத்தமும் உதறிய உதறலும், வலது கைப் புண்ணில் மறுபடி ரத்தம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் அட்டையைத் தொடவில்லை. குழாயில் ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறாள்.

எச்.எம். வந்திருந்தார். பழம் வாங்கி வந்தார். யார் சாப்பிடுவது என்று அவருக்கும் தோன்றியிருக்கவேண்டும், பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். உங்கள் வகுப்பை எடுத்துவிடப் போகிறார்களாம். தடுப்பெல்லாம் கழற்றியாயிற்று. இனிமேல் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பாட்டுப் பாடுவார்களாம். பிறகு டாக்டரும் அவரும் சேர்ந்துகொண்டு என்னிடம் காப்பகம் ஒன்றைப் பற்றிச் சொன்னார்கள். ஊருக்கு வெளியே இருக்கிறதாம். ஊசி போட்டு அமைதியாக வைத்து, குழாயிலேயே பார்த்துக்கொள்வார்களாம். இந்தமாதிரிப் பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது என்றார்கள். வார்டில் இன்னும் கொஞ்ச நாள்தான் வைத்துக்கொள்ள முடியும், வாயால் சாப்பிட ஆரம்பித்தால் வீடு, இல்லாவிட்டால் காப்பகம் என்று டாக்டர் தெளிவாகவே சொல்லிவிட்டார். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்னிடம் யோசிக்கிற அளவுக்கு என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்தக் காப்பகத்தைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். சுத்தமாக இருக்கிறது. நீளமான ஹால். பெரிய பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யார் கையிலும் எதுவும் இல்லை. அடுத்து என்ன என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை, அடுத்து ஒன்றும் இல்லாததால் இருக்கலாம். பார்வையாளர் நாற்காலிகள் எல்லாம் கோணலாகக் கிடந்தன. நானே நேராக்கிவிட்டு வந்தேன்.

நீங்கள் தாளின் கடைசியில், இனி எந்தப் பிள்ளை பக்கமும் வரும் தகுதி எனக்கில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். டீச்சர், தகுதி இல்லாமலேயே நான் ஒருவனுக்குப் பதினைந்து வருஷமாக அப்பாவாக இருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மேனேஜரின் அப்பா.

✽

ஆஸ்பத்திரி,
திங்கட்கிழமை.

டீச்சர் அவர்களுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். தபாலை நம்பாமல், உங்கள் ஊர்ப்பக்கம் போகிற பிரஸ் வண்டி டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன். இது உங்கள் கையில் செவ்வாய் மாலைக்குள் கிடைக்கவேண்டும்.

எச்.எம்மிடம் கால் பிடிக்காத குறையாகக் கேட்டேன். பிடித்தும் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எரிந்த சாப்பாட்டுக் கூடத்தை வியாழக்கிழமை காலையில் கொஞ்ச நேரம் திறந்துவிட ஒத்துக்கொண்டார். அந்தப் பச்சைக் கதவு இன்னும் இருக்கிறது. கறுத்துப்போயிருக்கிறது, ஆனால் அதே கதவு. உங்கள் பையை அதில் மாட்டிவிட்டேன். உருகி ஒட்டியிருந்த பழைய பையை உளியால் சுரண்டி எடுத்தேன். உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி போட்டு, அவன் தட்டையும் வைத்தாயிற்று. டாக்டர் ஒரே ஒரு தடவை என்று சொல்லி வண்டி தருகிறார். அதற்கு மேல் அவரும் காத்திருக்கமாட்டார். காப்பகத்தில் அடுத்த திங்களுக்கு இடம் சொல்லிவிட்டார்கள்.

எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சின்ன டீச்சர் வார்டுக்கு வந்தார். அந்தப் பெண் பாதியாகிவிட்டார், முன்பே பாதிதான். அவனைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். அவன் அம்மாதான் எழுந்துபோய் உட்காரவைத்தாள். அழுது முடிந்த பிறகு அவர் ஒன்று சொன்னார். அன்று காலை நீங்கள் கிளம்பும்போது அவனை வரிசைக்கு முன்னால் நிற்கவைத்து, அட்டைகளை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினீர்களாம். போல்ட், சாப்பாடு. சாப்பாட்டுக்கு அடுத்த அட்டையில் உங்கள் போட்டோ. “சாப்பிட்டதும் டீச்சர் வந்துருவாங்கன்னு காட்டிட்டுத்தான் போனாங்க. அவனும் அந்த போட்டோவைத் தொட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தான்” என்றார்.

இது உங்களுக்குத் தெரியாததில்லை. எனக்குத்தான் தெரியாது. நான் இவ்வளவு நாளும் அவன் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த போட்டோ அட்டையும் என்னிடம் வந்துவிட்டது. வகுப்பைக் காலி செய்தபோது சின்ன டீச்சர் எடுத்து வைத்திருந்தாராம். இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. அவனுக்கு இன்னும் காட்டவில்லை. காட்டினால் ஒருவேளை அவன் எழுந்து உட்காருவான். ஆனால் படத்தைக் காட்டினால் அது வந்தே தீரும் என்பது நீங்கள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. மழை வந்து மைதானம் போகமுடியாத அன்றுகூட, படம் காட்டியாச்சு என்று குடை பிடித்துக்கொண்டு அவனை மைதானத்தைச் சுற்றிக் கூட்டிவந்தவர் நீங்கள். இதைக் காட்டி நீங்கள் வராமல் போனால், அதற்குப் பிறகு அவனிடம் காட்டுவதற்கு என்னிடம் ஒரு படமும் இருக்காது.

அவன் அம்மாவும் வியாழக்கிழமை வருகிறாள். இந்தப் போட்டோ விஷயத்தைக் கேட்டபிறகு அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, “வந்தா வரட்டும். நான் பேசமாட்டேன்” என்றாள். பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்த வழக்கம் அவளுக்கு இல்லை. உங்களைப் பார்த்தால் ஏதாவது கேட்டுவிடுவாள். கேட்கக்கூடாததைக்கூடக் கேட்பாள். நான் குறுக்கே நிற்பேன், என் உடம்பு அதற்காவது உதவும். அப்படியும் ஒன்றிரண்டு உங்கள் காதில் விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவளும் சாப்பிட்டுப் பல நாளாகிறது.

நீங்கள் அவனுக்கு ஊட்டவேண்டாம். ஒன்றும் சொல்லவேண்டாம். கட்டு மாற்றும்போது பக்கத்தில் நிற்கவேண்டாம், கையை நான் துணியால் மூடியே கூட்டிவருகிறேன். அவன் அட்டையைப் பையில் போட்டு, உட்கார்ந்து, ஒரு வாய் எடுத்த பிறகு, அந்தக் கதவு வழியாக நீங்கள் உள்ளே வந்தால் போதும். மறுபடி உடனே ஊருக்குப் போய்விடலாம். யாரும் தடுக்கமாட்டார்கள்.

வியாழக்கிழமை வண்டி உள்ளே போன பிறகும் நான் பள்ளிக்கூட கேட்டிலேயே நிற்பேன். பஸ் நிறுத்தத்திலிருந்து வருகிற வழி அங்கிருந்து தெரியும். அவன் அம்மாவும் சின்ன டீச்சரும் அவனோடு இருப்பார்கள். நீங்கள் அந்த வழியில் வருவதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் உள்ளே போய்ச் சட்டைப்பையிலிருந்து உங்கள் படத்தை எடுப்பேன்.

நீங்கள் நன்றாக இருக்கவேண்டும் டீச்சர். உங்கள் கையால் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் தட்டைக் காலி செய்து எழுந்திருக்கவேண்டும். பஸ்ஸில் ஏறும்போது ஜன்னலோரமாக உட்காருங்கள், காற்று வரும். இறங்கியதும் தலை குனியாமல் நடந்து வாருங்கள். கேட்டில் நிற்பவன் நான்தான், வேறு யாரும் இல்லை.

உங்கள் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
மேனேஜரின் அப்பா.